ஒன்று என்றால் ஒற்றையா, இரட்டையா?

கதவுகளுக்கான கார்டு ரீடர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதியப்படும் நிரல்) எழுதிவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவர்களுடைய ரீடர், கார்டு எண்ணை, கார்டு ரீடர்களில் வழக்கமான 26 பிட் (0 அல்லது 1) வீகண்ட் வடிவில் கண்ட்ரோல் பேனலுக்கு அனுப்புகிறது. வழியில் பிட் மாறினால் பிடிபடுவதற்காக, ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் அதற்கான பாரிட்டி ஃபங்ஷனை எழுதியவர் இவர்தான். 16 இடங்கள் கொண்ட சிறிய அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு, வரும் மதிப்பை நான்கு நான்கு பிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணை தரும் விடைகளை எக்ஸார் செய்து (இரண்டு பிட் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) திருப்பித் தருகிறார். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் 1, ஒற்றைப்படையாக இருந்தால் 0 என்பது அட்டவணையில் அவர் வைத்த ஏற்பாடு. நிறுவனத்தின் சொந்தப் பேனலிலும் இதே ஃபங்ஷன்தான் சரிபார்க்கிறது என்பதால் இரண்டு ஆண்டுகளாக எந்தக் குறையும் எழவில்லை. சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் வேறொரு தயாரிப்பாளரின் பேனலோடு இந்த ரீடரை இணைத்தபோது ஒரு கார்டுகூட ஏற்கப்படவில்லை.

மூத்த பொறியாளர், ஃபங்ஷனின் கடைசி வரியில் ஒரு நாட் (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பும் குறி) போட்டால் தீர்ந்தது என்கிறார். உடன் பணிபுரியும் இன்னொருவர், சரியாக இருந்தால் 0, பிழையாக இருந்தால் -1 என்று திருப்பித் தரும்படி மாற்றச் சொல்கிறார். வாசகியின் குழப்பம் வேறு. இதே ஃபங்ஷன் நிறுவனத்தின் மற்றொரு கருவியில், வெளியிலிருந்து வாங்கிய ஒரு சென்சார் அனுப்பும் 16 பிட் மதிப்பைச் சரிபார்க்கிறது. அங்கே ஒரு நாளும் தவறியதில்லை. இரட்டை என்றால் 1 என்றுதானே எக்ஸ்86 வகைக் கணினிச் செயலிகளின் கையேடும் சொல்கிறது, அப்படியிருக்க என் தவறு எங்கே என்று கேட்கிறார். சுமார் 300 ரீடர்கள் பயன்பாட்டில் இருக்கும் நிலையில், இதை எழுதியது நான்தான் என்று மேலாளரிடம் சொல்வதா, சத்தமில்லாமல் திருத்திவிடுவதா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இரவில் தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாரிட்டியின் திசை மாறிப்போவது இந்தத் தொழிலில் மிகப் பழைய, மிகப் பரவலான பிழை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இசட்80 செயலிக்கு எழுதப்பட்ட நிரலை 8051-க்கு மாற்றியபோது, பாரிட்டி ஃபிளாக்கை (கணக்கின் முடிவில் ஒன்றுகள் ஒற்றையா இரட்டையா என்று செயலி குறித்துவைக்கும் பிட்டை) பார்த்துத் தாவும் வரிகளை அப்படியே பெயர்த்து எழுதி, நல்ல தகவல்களையெல்லாம் குப்பையில் தள்ளும் ஒரு கருவியை உருவாக்கினேன். காரணம் பிடிபட மூன்று நாள் ஆயிற்று. உங்கள் கடிதத்தில் இருக்கும் சிக்கல் அதைவிட நுட்பமானது. மூத்த பொறியாளர் சொல்லும் தீர்வு அதை இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் முதல் தவறான அனுமானம் ‘இரட்டைப் பாரிட்டி’ என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் தரவில் உள்ள ஒன்றுகளைப் பற்றியதன்று. தரவையும் பாரிட்டி பிட்டையும் சேர்த்து எண்ணும்போது மொத்தம் இரட்டைப்படையாக வர வேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே தரவில் ஒன்றுகள் ஒற்றைப்படையாக இருக்கும்போதுதான் இரட்டைப் பாரிட்டி பிட் 1 ஆகிறது. நீங்கள் ‘எண்ணிக்கை இரட்டை, ஆகவே 1’ என்று வைத்துக்கொண்டு, அந்த 1-ஐ அப்படியே இரட்டைப் பாரிட்டி பிட்டாகச் சட்டகத்தில், அதாவது அனுப்பும் 26 பிட் தொகுப்பில், வைத்துவிட்டீர்கள். கேட்ட கேள்வி ஒன்று, எழுதிய விடை இன்னொன்றுக்கு உரியது.

உங்கள் அட்டவணையில் நடந்தது

காகிதத்தில் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். வீகண்ட் சட்டகத்தில் முதல் பிட் இரட்டைப் பாரிட்டி. அடுத்த 8 பிட் நிறுவனக் குறியீடு. அதற்கடுத்த 16 பிட் கார்டு எண். கடைசி பிட் ஒற்றைப் பாரிட்டி. இடையில் உள்ள 24 பிட்டில் முதல் 12-ஐ முன்னால் உள்ள பிட்டும், அடுத்த 12-ஐப் பின்னால் உள்ள பிட்டும் காக்கின்றன. நிறுவனக் குறியீடு 25, கார்டு எண் 1234 என்று கொண்டால், 25 என்பது 0001 1001. 1234 என்பது 0000 0100 1101 0010. முதல் பாதி 0001 1001 0000. அதில் மூன்று ஒன்றுகள் இருப்பதால் முன்னால் உள்ள பிட் 1 ஆக இருக்க வேண்டும். இரண்டாம் பாதி 0100 1101 0010. அதில் ஐந்து ஒன்றுகள். ஏற்கெனவே ஒற்றைப்படை என்பதால் பின்னால் உள்ள பிட் 0 ஆக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் அட்டவணையைக் கொண்டு அதையே போட்டுப் பாருங்கள். 0001-க்கு அது 0 தருகிறது, 1001-க்கு 1, 0000-க்கு 1. மூன்றையும் எக்ஸார் செய்தால் 0. முன்னால் 1 போக வேண்டிய இடத்தில் 0 போகிறது. இரண்டாம் பாதிக்கு மூன்று முறையும் 0 வந்து, முடிவும் 0. ஒற்றைப் பாரிட்டிக்காக அதை நீங்கள் மாற்றிப்போடுவதால் 1 போகிறது. எந்தக் கார்டை எடுத்தாலும் இரண்டு பிட்டும் இப்படித் தலைகீழாகவே இருக்கும். சில கார்டுகள் மட்டும் மறுக்கப்படாமல் எல்லாமே மறுக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். உங்கள் பேனலும் அதே தலைகீழ்க் கணக்கை வைத்திருந்ததால் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அப்படியானால் 16 பிட் சென்சாரில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அதே 1234-ஐ முழுதாகக் கொடுங்கள். 0000-க்கு 1, 0100-க்கு 0, 1101-க்கு 0, 0010-க்கு 0. எக்ஸார் செய்தால் 1. ஒன்றுகள் ஐந்து, அதாவது ஒற்றைப்படை. இரட்டைப் பாரிட்டி பிட் 1 ஆகத்தான் வேண்டும். சரியான விடை! உங்கள் அட்டவணையின் ஒவ்வொரு விடையும் திசை மாறியது. 12 பிட்டுக்கு மூன்று முறை அட்டவணையைத் தொடுகிறீர்கள். மூன்று திருப்பங்கள் சேர்ந்தால் ஒரு திருப்பம் மிஞ்சும். 16 பிட்டுக்கு நான்கு முறை தொடுகிறீர்கள். நான்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே உங்கள் ஃபங்ஷன் ‘இரட்டை என்றால் 1’ என்று திருப்பித் தருவதாக நீங்கள் எண்ணியிருந்தது பாதி உண்மைதான். அது 12 பிட்டுக்கு ஒரு பொருளையும் 16 பிட்டுக்கு அதற்கு நேர் எதிரான பொருளையும் தந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் கடைசி வரியில் ஒரு நாட் போட்டால் ரீடர் சரியாகிவிடும், சென்சார் கருவி அன்றைக்கே கெட்டுப்போகும். அட்டவணையைத் திருத்தினாலோ, ரீடர் சரியாகும். சென்சார் கருவியின் விடையில் ஒரு மாற்றமும் இராது, ஏனென்றால் அங்கே நான்கு திருப்பங்கள் இருந்தாலும் ஒன்றுதான், ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மூத்தவரிடம் எதிர்வாதம் செய்ய வேண்டாம். மேலே உள்ள இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதி அவர் முன் வையுங்கள், அவரே புரிந்துகொள்வார்.

கையேடுகள் ஒத்துப்போவதில்லை

எக்ஸ்86 கையேட்டை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். முடிவின் கீழ் 8 பிட்டில் ஒன்றுகள் இரட்டைப்படையாக இருந்தால் அங்கே பாரிட்டி ஃபிளாக் 1 ஆகும். 1974-இல் இன்டெல் கொண்டுவந்த 8080 செயலியிலும் அப்படித்தான், இசட்80-இலும் அப்படித்தான். ஆனால் அதே இன்டெல் 1980-இல் கொண்டுவந்த 8051-இல், அக்குமுலேட்டரில் (கணக்கின் முடிவு தங்கும் இடத்தில்) ஒன்றுகள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் பாரிட்டி பிட் 1. சீரியல் போர்ட்டுகளிலும் இதே கதைதான்: 16550 சிப்பில் பாரிட்டியைத் தேர்ந்தெடுக்கும் பிட்டுக்கு 1 கொடுத்தால் இரட்டை, எஸ்டிஎம்32-இல் அதற்கான பிட்டுக்கு 1 கொடுத்தால் ஒற்றை. ஏவிஆர் சிப்புகளுக்கான சி நூலகத்தில் ‘பாரிட்டி ஈவன் பிட்’ (ஈவன் என்றால் இரட்டை) என்றொரு மேக்ரோ இருக்கிறது. ஒன்றுகள் ஒற்றைப்படையாக இருந்தால் அது 1 தருகிறது. பெயரை மேலோட்டமாகப் படிப்பவர் திகைத்துப்போவார், ஆனால் அந்தப் பெயர் சரியே. அது தருவது இரட்டைப் பாரிட்டிக்காக வைக்க வேண்டிய பிட்.

வன்பொருளின் ஃபிளாக்கை உங்கள் ஃபங்ஷனின் பொருளுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். ஜிசிசி கம்பைலரோடு வரும் பாரிட்டி ஃபங்ஷன், ஒன்றுகளின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்த மீதியைத் தருவதாக வரையறுக்கப்பட்டிருக்கிறது; அதாவது ஒற்றைக்கு 1. அதை எக்ஸ்86-க்கு மொழிபெயர்க்கும்போது, எண்ணை 8 பிட்டாக மடித்துவிட்டு, ஃபிளாக் 0 ஆக இருந்தால் 1 தரும் கட்டளையைக் கம்பைலர் போடுகிறது. செயலியின் வழக்கம் எதிராக இருந்தாலும், அழைப்பவருக்குத் தந்த வாக்கை மாற்றாமல் உள்ளேயே திருப்பிக்கொள்கிறது.

எதைத் திருப்பித் தர வேண்டும்

உங்கள் அடிப்படை ஃபங்ஷன் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும்: இந்த மதிப்பில் ஒன்றுகள் ஒற்றைப்படையா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இது என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. எல்லா பிட்டுகளையும் எக்ஸார் செய்தால் இயல்பாகக் கிடைப்பது இந்த மதிப்புதான். எந்த பிட்டும் 1 ஆக இல்லாத 0-க்கு விடை 0. இரண்டு துண்டுகளின் விடைகளை எக்ஸார் செய்தால் முழு எண்ணின் விடை கிடைக்கிறது. துண்டுகள் மூன்றானாலும் முப்பதானாலும் பொருள் மாறுவதில்லை. இரட்டைக்கு 1 என்று வைத்தால் இந்தக் கடைசிப் பண்பு போய்விடுகிறது. உங்களைக் கவிழ்த்தது அந்த இழப்புதான்.

லினக்ஸ் கெர்னலில் 8 பிட்டுக்கான பாரிட்டி ஃபங்ஷனும் இரட்டைக்கு 0, ஒற்றைக்கு 1 என்றே தருகிறது. இருக்கும் மதிப்பின் பாரிட்டியை மட்டும் இது சொல்லும், பாரிட்டி பிட் வேண்டுமென்றால் இந்த விடையிலிருந்து நீங்களே முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்று அதன் விளக்கக் குறிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. கணக்கும் அழகானது: மேல் நான்கு பிட்டையும் கீழ் நான்கு பிட்டையும் எக்ஸார் செய்து நான்கு பிட்டாக மடித்து, 0110 1001 1001 0110 என்ற 16 பிட் மாறிலியில் அந்த எண்ணிட்ட இடத்தில் உள்ள பிட்டை எடுத்துத் தருகிறார்கள். உங்கள் அட்டவணையை அதே வடிவில் எழுதினால் 1001 0110 0110 1001 வரும். ஒவ்வொரு பிட்டும் நேர் எதிர்.

விடையைப் பூலியனாக, அதாவது உண்மை அல்லது பொய் என்று, தரலாமா என்றால், தரலாம். ஆனால் அப்போது பெயரே ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். வெறும் ‘பாரிட்டி’ என்ற பெயரோடு ‘உண்மை’ திரும்பி வந்தால், எது உண்மை என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘ஈஸ் பாரிட்டி ஆட்’ (பாரிட்டி ஒற்றையா) என்று இருந்தால் தெரியும். பெயரிட்ட மாறிலிகளாக, இரட்டை 0, ஒற்றை 1 என்று தருவதும் நல்ல வழிதான். ஒப்பிடும் இடங்களில் நிரல் தெளிவாகப் படிக்கும். ஆனால் விடையைக் கொண்டு மேலும் எக்ஸார் செய்யும் நிரலுக்கு அது சற்றே இடைஞ்சல். உங்களுடையது சிறிய சிப், சிறிய குழு. ‘ஆட்’ என்ற சொல்லைப் பெயரில் கொண்டு 0 அல்லது 1 தரும் ஃபங்ஷனைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அதன்மேல் இரண்டு சிறு ஃபங்ஷன்களை எழுதுங்கள். ஒன்று இரட்டைப் பாரிட்டி பிட்டைத் தருவது. அது அடிப்படை விடையை அப்படியே தரும். மற்றது ஒற்றைப் பாரிட்டி பிட்டைத் தருவது. அது அதைத் திருப்பித் தரும். திருப்பம் நிகழும் இடம் நிரல் முழுவதிலும் அந்த ஒரு வரியாக மட்டுமே இருக்கட்டும். அங்கே ஆச்சரியக்குறியை (!) போடுங்கள், அலைக்குறியை (~) போடாதீர்கள். சி மொழியில் அலைக்குறி 1-ஐ -2 ஆகவும் 0-ஐ -1 ஆகவும் மாற்றும். இரண்டுமே பூஜ்யம் அல்லாதவை என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும்.

உங்கள் நண்பர் சொல்லும் 0, -1 முறையும் தவறன்று, இடம்தான் வேறு. ஃபங்ஷனின் பெயர் ஒரு செயலைக் குறித்தால் பிழைக்குறியீட்டைத் தர வேண்டும், ஒரு தன்மையைக் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று தர வேண்டும் என்பது லினக்ஸ் கெர்னலின் நிரல்நடை விதிகளில் ஒன்று. நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றுவதும் அதுதான். ‘வீகண்ட் சட்டகத்தைச் சரிபார்’ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் பேனலில் இருந்தால் அது 0 அல்லது -1 தரட்டும். பாரிட்டி கணக்கு தோற்றுப்போகக்கூடிய செயலன்று. அது எந்த எண்ணுக்கும் விடை சொல்லும். அதற்குப் பிழைக்குறியீடு கொடுத்தால் 0 என்பது ‘இரட்டை’யா ‘சரி’யா என்ற புதுக் குழப்பம் வந்து சேரும்.

பழைய பெயரை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பெயரை முழுவதுமாக நீக்குங்கள். அதை அழைக்கும் ஒவ்வோர் இடத்தையும் கம்பைலரே பிழையாகக் காட்டும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து மாற்றலாம்.

சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. 8 பிட்டில் சாத்தியமான 256 மதிப்புகளில் 128 ஒற்றை, 128 இரட்டை. ஆகவே 128 முறை 1 வந்ததா என்று எண்ணிப் பார்க்கும் சோதனை, தலைகீழான ஃபங்ஷனையும் தேர்ச்சி பெறச் செய்துவிடும். ரீடர் அனுப்பியதைச் சொந்தப் பேனலில் படித்துப் பார்ப்பதும் அதே வகைதான். கையால் எழுதிய விடைகளோடு ஒப்பிடுங்கள்: 0-க்கு 0, 1-க்கு 1, 3-க்கு 0, 127-க்கு 1, 255-க்கு 0. அதோடு, இரண்டு எண்களின் விடைகளை எக்ஸார் செய்தால், அவ்விரண்டு எண்களையும் எக்ஸார் செய்து வந்த எண்ணின் விடை கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழான ஃபங்ஷன் இந்தச் சோதனையில் கட்டாயம் சிக்கும்.

கதவுகளில் இருக்கும் 300 ரீடர்கள்

பழைய ரீடர்களுக்கு வழி வைக்காமல் பேனலுக்குப் புதிய ஃபர்ம்வேர் போட்டால், அந்த நிமிடத்தில் அவை எல்லாம் மறுக்கப்படும், கதவுகள் திறக்காது. ஆகவே முதலில் பேனல், பிறகு ரீடர் என்ற வரிசையில் செல்லுங்கள். பேனலில் ஒவ்வொரு ரீடர் இணைப்புக்கும் ‘பழைய வகை’ என்று ஓர் அமைப்பைக் கொடுத்து, ஏற்கெனவே உள்ள இணைப்புகளுக்கு அதை இட்டுவையுங்கள். ரீடர் மாற்றப்படும் அன்று அந்த இணைப்பின் அமைப்பையும் மாற்றலாம். இனி விற்பனைக்குப் போகும் ரீடர்கள் சரியான பாரிட்டியோடு, வேறு பதிப்பு எண்ணோடு போகட்டும்.

இதைவிட எளிதாக, இரண்டு வகையையும் பேனல் தானாகவே ஏற்றுக்கொள்ளட்டும் என்ற யோசனையை யாராவது முன்வைப்பார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. கம்பியில் ஏற்படும் இரைச்சலால் முதல் பாதியில் ஒரு பிட்டும் இரண்டாம் பாதியில் ஒரு பிட்டும் மாறினால், இன்று இரண்டு பாரிட்டியும் பொருந்தாமல் சட்டகம் மறுக்கப்படுகிறது. இரண்டு வகையையும் ஏற்கும் பேனலுக்கோ அது பழைய ரீடரின் நல்ல சட்டகமாகத் தெரியும்; படிக்கப்படும் எண் இன்னோர் ஊழியரின் எண்ணாகவும் இருக்கக்கூடும். ஒரு பிட் மட்டும் மாறினால் அப்போதும் பிடிபடும் என்பது உண்மைதான், ஆனால் இருக்கும் கொஞ்சப் பாதுகாப்பில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரே பாதியில் இரண்டு பிட் மாறினால் பாரிட்டிக்கு இன்றும் தெரியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மேலாளரிடம் சொல்வதா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், இந்த வாரமே சொல்லுங்கள். சத்தமில்லாமல் திருத்துவது உங்களால் முடியாத காரியம். திருத்தம் பேனலையும் ரீடரையும் கதவுகளையும் தொடுகிறது, பொருத்தும் பணியாளர்களுக்கு வரிசை தெரிய வேண்டும், வேறு பேனல் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் தர வேண்டும். யாருக்கும் தெரியாமல் மாற்றப்பட்ட ஒரு பதிப்பு நாளை ஒரு கட்டடத்தின் கதவுகளைப் பூட்டிவிட்டால், அப்போது எழும் கேள்வி பாரிட்டியைப் பற்றியதாக இருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். ரீடருக்கும் பேனலுக்கும் ஒரே ஃபங்ஷனைக் கொடுத்து, வெளியார் கருவி ஒன்றோடும் சோதிக்காமல் இரண்டு ஆண்டுகள் விற்றது நிறுவனத்தின் முடிவு. அட்டவணை உங்களுடையது, சோதனையின் குறை உங்களுடையது மட்டுமன்று. அதைக் குறையாகச் சொல்லாமல், வேறு தயாரிப்பாளரின் பேனல் ஒன்றைச் சோதனைக்காக வாங்க வேண்டும் என்ற கோரிக்கையாக எழுதுங்கள்.

அறிக்கை ஒரு பக்கம் போதும். மேலே 25, 1234 என்ற கார்டுக்குப் போக வேண்டிய 26 பிட்டுகள். அதன் கீழே இப்போது போகும் 26 பிட்டுகள். இரண்டு ஓரங்களிலும் மாறியிருக்கும் பிட்டுகளைச் சுற்றி ஒரு வட்டம். அடுத்து 16 பிட் கணக்கும், கடைசி வரியில் நாட் போட்டால் அது என்ன ஆகும் என்பதும். பிறகு திருத்தத்தின் வரிசை, எந்தெந்த வாடிக்கையாளர்களிடம் எத்தனை ரீடர்கள், ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நாள். கீழே உங்கள் கையொப்பம்.